பரிபாலன சபையின் பச்சை வெளிச்சம்

புறாக்களுக்கு உபயகாரர் யார், சும்மா கும்பிட வந்தவர் யார் என்ற வித்தியாசம் தெரியாது. தெரிந்திருந்தால் சோமாஸ்கந்தக் குருக்களுக்கு இந்தப் பாடு வந்திராது.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். பெயர் வேண்டாம். அந்தக் கோயிலின் பரிபாலன சபை வழக்குப் போடுவதில் பேர் பெற்றது. தேரை முடக்கில் எந்த இடத்தில் திருப்புவது என்பதற்கே ஒரு வழக்கு நீதிமன்றத்தில் கிடக்கிறது. வழக்கு முடியும்வரை தேர் கொட்டிலில் கிடக்கிறது. பிள்ளையார் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாகப் பேசாமல் இருக்கிறார்.

போன கும்பாபிசேகத்துக்குக் கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்தார்கள். கோபுரத்தில் நிற்கிற ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குடும்பம் உபயகாரர். சிலையின் காலடியில் குடும்பத்தின் பெயரும் அவர்கள் இருக்கிற நகரத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். லண்டன், சூரிச், மெல்பேர்ண் என்று அண்ணாந்து வாசித்துக்கொண்டு போனால் கும்பிட வந்தோமா பிளேன் ஏற வந்தோமா என்று சந்தேகம் வரும்.

மூன்றாம் நிலையில் கிழக்குப் பக்கமாக நிற்கும் துவாரபாலகர் ரொறன்ரோ மயூரநாதனின் உபயம். மயூரநாதன் நாள் தவறாமல் கோயிலின் மாலைப் பூசையை நேரலையில் பார்ப்பவர். இங்கே மாலை என்றால் அங்கே காலை. கோப்பியும் கையுமாகக் கும்பிடுவார். ஒருநாள் துவாரபாலகரின் கிரீடத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ வழிந்திருப்பதைக் கண்டார். கோப்பியை வைத்துவிட்டுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

தலைவர் தில்லைநாதன் ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான். ஓய்வு பெற்றது பாடசாலையிலிருந்து மட்டுந்தான். கூட்டத்தில் சபையாரை அவர் எழுப்பித்தான் கேள்வி கேட்பார். அன்று இரவே அவசரக் கூட்டம் கூடியது.

"புறா எண்டது ஒரு பறவை எண்டு நினைக்கக் கூடாது," என்று அவர் தொடங்கினார். "புறா எண்டது நிருவாகத்துக்கு விடப்பட்ட சவால். இண்டைக்கு ரொறன்ரோவின்ரை தலையிலை இருந்தது நாளைக்கு லண்டனின்ரை தலையிலையும் இருக்கும்."

வலை கட்டலாம் என்றார் ஒருவர். வலை கட்டினால் உபயகாரர் பெயர் மறையும் என்று அது தள்ளப்பட்டது. பூனை வளர்க்கலாம் என்றார் இன்னொருவர். பிள்ளையாரின் வாகனம் எலி என்று அவருக்கு நினைவூட்டப்பட்டது. அப்போதுதான் செயலாளர் தனஞ்சயன் எழுந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யூடியூப்பில் எதையாவது கண்டுவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வெளிநாடுகளில் பச்சை லேசர் அடித்துத்தான் பறவைகளைக் கலைக்கிறார்கள் என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஒரேயொரு சிக்கல். புறாக்கள் கோபுரத்துக்கு அடைய வருவது மாலைப் பூசை நேரத்தில். அந்த நேரத்தில் கோயிலில் நிச்சயமாக இருக்கிற ஆள், பூசை செய்கிற ஐயர் சோமாஸ்கந்தக் குருக்கள் ஒருவர்தான்.

"ஐயர் ஒரு கையாலை மணி அடிக்கிறார். மற்றக் கை சும்மாதானே இருக்கு?" என்றார் தலைவர்.

மற்றக் கையில் தீபம் இருக்கிறது என்று குருக்கள் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் தேவாரம் பாடிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

மறுநாள் தனஞ்சயன் யாழ்ப்பாணம் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் உறை விற்கிற ஒரு கடையில் லேசர் வாங்கி வந்தார். பேனா மாதிரி ஒரு சாமான். பெட்டியில் ஆபத்து என்று ஏதோ அச்சடித்திருந்தது. அதன்மேல் கடைக்காரன் விலைத்துண்டை ஒட்டியிருந்தான்.

சோமாஸ்கந்தக் குருக்கள் சாதுவான மனுசன். சாமான் கையில் வந்ததுமே அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்தது. பூசகருக்குக் கண்பார்வையில் குறை இருக்கக் கூடாது என்று சபையின் சட்டக்கோவையாகிய யாப்பில் ஒரு விதி உண்டு. அவருக்கு முதல் இருந்த ஐயரை அந்த விதியைக் காட்டித்தான் அனுப்பினார்கள். தீபத்தைத் தலைவருக்குக் காட்டாமல் தூணுக்குக் காட்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கண் போனால் வேலை போகும். வேலை போனால் கோயில் வளவுக்குள் இருக்கிற வீடும் போகும். படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளோடு பிறகு எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது.

அவருடைய மனைவி சௌந்தரநாயகி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் தாதி. கண் கிளினிக் நாளன்று வேலையால் வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் நேரே அவரிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தச் சாமானைத் தொடாதேங்கோ. கண் டொக்டரிட்டைக் கேட்டனான்."

"என்னவாம்?"

"உதுக்குள்ளை முதல்லை வாறது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம். அதை ஒரு பளிங்குத் துண்டுக்குள்ளாலை விட்டுத்தான் பச்சையா மாத்திறது. மாறாமல் மிஞ்சிறதை வெளியிலை விடாமல் மறிக்கிறதுக்கு ஒரு சின்னப் பில்ரர் கண்ணாடி போடவேணும். மலிவுச் சாமான் கனக்கத்திலை அதைப் போடுறேல்லையாம்."

"தெரியாத வெளிச்சம் என்ன செய்யப்போகுது?"

"அதுதான் கூடாததாம். பச்சை கண்ணிலை பட்டாக் கூசும், உடனை மூடுவியள். மற்றது பட்டாக் கூசாது. கண் திறந்தபடியே கிடந்து வேகுமாம். வெந்தது பேந்து திரும்பி வராதாம்."

குருக்கள் பேனாவை எடுத்து, பாம்பை வைப்பதுபோல மெல்ல மேசையில் வைத்தார். சோதித்துப் பார்க்கிற வழியையும் அவள் கேட்டு வந்திருந்தாள். வெளிச்சத்தை ஒரு சீடியில் பட வைத்து, தெறிக்கிற புள்ளிகளை வெள்ளைக் கடதாசியில் விழுத்தி, கடதாசியை மட்டும் போனின் முன்பக்கக் கமராவால் பார்க்க வேண்டும். பேனாவின் வாயையோ சீடியையோ மறந்தும் பார்க்கக் கூடாது.

வீட்டில் சீடிக்குக் குறைவில்லை. சபை வெளியிட்ட ஊஞ்சல் பாட்டுச் சீடி, விற்காதது அத்தனையும் ஐயர் வீட்டு அலுமாரிக்குள்தான் கிடந்தது. தலைவரின் படம் போட்ட உறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குக் கடதாசியில் பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. கமராவில் பச்சைக்குத் தள்ளி, மங்கலான ஊதா நிறத்தில் வேறொரு புள்ளி நின்றது.

"தெய்வமே," என்றார் குருக்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் பேனா, சீடி, கடதாசி, போன் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோனார். மண்டபத்தில் எல்லாருக்கும் செய்து காட்டினார். சபையார் போனைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடதாசியைப் பார்த்தார்.

"கடதாசியிலை பச்சையைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"கண்ணுக்குத் தெரியாது அதிபர். அதுதான் பயம்."

"ஐயர், உந்தத் தெரியாத வெளிச்சத்துக்குப் பேர் செந்நிறக்கீழ்க் கதிர், அதைப் பற்றி நான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிச்சனான். அது பாடப்புத்தகத்திலை இருக்கிற சாமான். கோயிலுக்குள்ளை எப்பிடி வரும்?" என்று கேட்டுவிட்டு அவர் சபையின் பக்கம் திரும்பினார். "கண்ணுக்குத் தெரியாத ஒண்டை இருக்கு எண்டு நம்பி ஒரு நிருவாகம் காசு செலவழிக்க ஏலுமோ? நாளைக்கு ஆரும் வந்து இன்னொண்டும் இருக்கு, உங்களுக்குத்தான் தெரியேல்லை எண்டு சொன்னா அதையும் நம்பிறதோ?"

இதை அவர் மூலஸ்தானத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டுதான் சொன்னார். சபையார் கைதட்டினார்கள்.

ஆனாலும் நிருவாகம் நீதியாக நடக்க வேண்டும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்து அறிக்கை தர ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. மண்டபத்துக்குத் திரை கட்டி இருட்டாக்கி, சுவரில் லேசரை அடித்து, உபகுழுவினர் பாயில் இருந்து தெரியாத வெளிச்சத்தைத் தேடினார்கள். வடையும் தேநீரும் வந்தன. பாவம், ஓர் உறுப்பினர் தனக்கு ஏதோ தெரிகிறது என்று சொல்லிவிட்டார். தெரிந்தால் அது தெரியாத வெளிச்சம் அல்ல, ஆகவே விசாரணைக்கு உட்பட்டதல்ல என்று செயலாளர் அவருக்கு விளங்கப்படுத்தினார். "காணவேண்டியது எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. ஐயர் சாமானைப் பாவிக்கத் தொடங்கலாம்.

குருக்கள் விடவில்லை. அவர் தனஞ்சயனைத் தனியாகப் பிடித்தார்.

"செயலாளர், நான் என்னத்தைக் காட்டினா நீங்கள் நம்புவியள்?"

"கண் பழுதாப் போச்சு எண்டு டொக்டரிட்டை ஒரு துண்டு கொண்டாங்கோ ஐயா. உடனை சாமானை நிப்பாட்டலாம்." தனஞ்சயன் கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்டு. கண் பழுதான ஐயர் யாப்பின்படி ஐயர் இல்லை. அவரின்ரை முறைப்பாட்டை நாங்கள் எடுக்க ஏலாது."

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சட்டம் அப்படி இருக்கிறதே என்ற கவலையோடுதான் சொன்னார். குருக்களுக்கு அதுதான் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

சாமானைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் கவசக் கண்ணாடி வாங்கித் தாருங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தார். தனஞ்சயன் தேடி ஒரு செம்மஞ்சள் கண்ணாடி வாங்கி வந்தார். அது பச்சையை மறிக்குமாம், மற்றதை அப்படியே உள்ளே விடுமாம் என்று சௌந்தரநாயகி டொக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள். கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டு மூடியில் ஓட்டை வெட்டிய கதைதான். அந்தக் கண்ணாடியோடு குருக்கள் ஒரே ஒருநாள் பூசை செய்தார். ஐயர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கோலத்தில் பூசை செய்கிறார் என்று சூரிச்சிலிருந்து முறைப்பாடு வந்தது. கண்ணாடி பறிமுதல் செய்யப்பட்டது.

வேறு வழியில்லாமல் குருக்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு லேசரை அடித்தார். கோபுரம் இருக்கிற திசையை மனத்தால் பாவித்து, கையை மேலே தூக்கி ஆட்டுவார். வெளிச்சம் தென்னையிலும் மின்கம்பத்திலும் பட்டது. புறாக்கள் தங்கள் பாட்டில் இருந்தன. நேரலையில் பார்த்த பக்தர்கள் உருகிப்போனார்கள்: கண்ணை மூடி, கையை வானுக்கு உயர்த்தி, என்ன பக்தி! பரிபாலன சபை உடனே கண்மூடிப் பூசை என்று ஒரு விசேட உபயத்தை அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு ஆட்கள் பதிந்துவிட்டார்கள்.

மயூரநாதன் மட்டும் உருகவில்லை. அவருடைய துவாரபாலகருக்கு இப்போது தோளிலும் வழிந்திருந்தது. சபையை நம்பிப் பயனில்லை என்று அவர் வட்ஸ்அப்பில் நேரே குருக்களை எடுத்தார்.

"என்ன ஐயா நடக்குது அங்கை?"

குருக்கள் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார். மயூரநாதன் பொறுமையாகக் கேட்டார். "சரி ஐயா, நல்ல சாமானா நான் வேண்டி அனுப்புறன். என்னென்ன பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ."

அன்று குருக்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக மந்திரம் அல்லாத ஒன்றை ஒப்புவித்தார். வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை மறிக்கிற பில்ரர் உள்ளது என்று விற்கிறவர் வாயால் அல்ல, எழுத்தில் தர வேண்டும். அளந்து பார்த்த அறிக்கை இருக்க வேண்டும். பெரிய வெளிச்சம் என்று பீத்திக்கொள்கிற சாமானைத் திரும்பியும் பார்க்கக் கூடாது.

ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் அது வந்தது. குருக்களும் மனைவியும் சீடியை வைத்துச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த பச்சைப் புள்ளிகள்தான் கமராவிலும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. அன்று மாலை, கோபுரத்தடியில் ஒருவரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, வெளிச்சம் தெறித்து வராதபடி கலசத்தில் படாமல், கண்ணைத் திறந்தபடி லேசரை அடித்தார். புறாக்கள் கூட்டமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, தனஞ்சயன் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டன. குருக்கள் சிரித்தே விட்டார். கனகாலத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை தலைவர் வந்து பேனாவை வாங்கிக்கொண்டு போனார். கையளிப்பு விழா நடக்காத பொருளை ஐயர் எந்த அதிகாரத்தில் பாவித்தார் என்று கேட்டார். அதிலும் பெரிய குற்றம், அதில் உபயம் பொறிக்கப்படவில்லை.

பெயர் பொறிக்காத ஒன்று அந்தக் கோயிலில் எதுவுமே கிடையாது. மின்விசிறியின் மூன்று தகட்டிலும் மூன்று தலைமுறையின் பெயர் இருக்கிறது. விசிறி ஓடினால் வாசிக்க முடியாது என்பதால் அதை ஓட விடுவதில்லை. லேசருக்கு மட்டும் விலக்கு எப்படிக் கொடுப்பது? மயூரநாதனின் தாய் தகப்பன் பெயர், குடும்பத்தார் பெயர், நகரம், நாடு, அதற்குக் கீழே தலைவரின் பெயரும் பட்டங்களும் என்று எழுதியபோது விரல் மொத்தப் பேனாவில் இடம் காணவில்லை. அதைச் சுற்றி ஒரு பித்தளை உறை போட்டு அதில் பொறிப்பது என்று தீர்மானமாயிற்று. வேலை ஊர்காவற்றுறையில் மோதிரத்துக்குப் பெயர் வெட்டுகிற குருசுமுத்துவிடம் போனது.

விழாவுக்காகக் கோபுரத்தைத் தண்ணீர்ப் பம்பு வைத்து அடியிலிருந்து கலசம்வரை கழுவினார்கள். கலைந்த புறாக்களும் திரும்பி வரவில்லை. கோபுரம் பளிச்சென்று நின்றது. நாதஸ்வரம், மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு எல்லாம் ஆயத்தம். பூசித்துத் தரும்படி பேனா வெற்றிலைத் தட்டில் குருக்களிடம் வந்தது. பித்தளை உறையோடு சின்ன உலக்கை மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் அவர் மடைப்பள்ளிக்குப் பின்னால் போய் சீடியை எடுத்தார்.

போனில் பச்சைக்குத் தள்ளி அந்த ஊதாப் புள்ளி நின்றது. பச்சை முன்பிருந்ததைவிட மங்கிப்போயிருந்தது. மற்றது முன்னைய மலிவுப் பேனாவில் கண்டதைவிடப் பிரகாசமாக இருந்தது.

உடனே குருசுமுத்துவுக்குப் போன் எடுத்தார்.

"ஓம் ஐயா, மூக்கைக் கழட்டாமல் உறை ஏறேல்லை. கழட்டேக்கை ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு விழுந்தது. அது வெளிச்சத்தை மறைக்கிது எண்டு நினைச்சு விட்டிட்டன். இறுக்கமா இருந்தபடியா ரெண்டு மூண்டு தட்டும் தட்டினனான். ஏன் ஐயா, எழுத்திலை பிழையோ?"

எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

அவர் ஓடி வந்தபோது விழா தொடங்கியிருந்தது. தனஞ்சயனின் காதில் விசயத்தைச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் ஐயருக்கு ஆசியுரை மட்டுந்தான் இருக்கிறது என்றார் தனஞ்சயன். சரி, ஆசியுரை என்றே ஒலிவாங்கியைப் பிடித்தார் குருக்கள்.

"எல்லாரும் கேளுங்கோ. உதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு. அது இப்ப மறைப்பில்லாமல் வெளியிலை வருது. அதை ஆரும் பாக்கக் கூடாது. பாத்தா இந்தக் கண் போயிடும். தயவுசெய்து நான் சொல்லுறதை நம்புங்கோ."

மண்டபம் முழுக்கப் பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊனக்கண் போய் ஞானக்கண் திறக்கிறதை ஐயர் எவ்வளவு எளிமையாச் சொல்லிப்போட்டார்!" என்று தனஞ்சயன் ஒலிவாங்கியில் வியந்தார். நான் சொன்னது கண் ஆஸ்பத்திரி விசயம் என்று குருக்கள் கத்தியது மேளத்துக்குள் அமுங்கிப்போனது.

தலைவர் எழுந்து பேனாவைக் கையில் எடுத்தார். "இந்த ஒளி எங்கடை சபையின்ரை தூரப்பார்வைக்கு அடையாளம்," என்று சொல்லிப் பொத்தானை அமத்தினார். கழுவிய கோபுரத்தில் ஒன்றும் விழவில்லை. கிட்ட இருந்த தூணில் அடித்துப் பார்த்தார். மங்கலாக ஒரு பச்சை.

"என்ன இது, மின்மினிப்பூச்சி மாதிரி?" என்றவர், பொத்தானை விடாமலே பேனாவைத் திருப்பினார். இடது கண்ணை மூடினார். வலது கண்ணைப் பேனாவின் வாயில் வைத்தார்.

"அதிபர், பாக்காதேங்கோ!" குருக்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்.

"ஐயர், ஆசியுரை முடிஞ்சுது. இருங்கோ," என்றார் தலைவர், கண்ணை எடுக்காமல்.

இரண்டு பேர் குருக்களின் சால்வையில் பிடித்து இருத்தினார்கள். தலைவர் விடைத்தாளில் பிழை தேடுகிறவரைப் போல அவசரமில்லாமல் பார்த்தார். கூசவில்லை; கூசினால் எடுத்திருப்பார். உள்ளே விசேசமாக ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பேனாவைத் தட்டில் வைத்தார்.

சில நாள் கழித்து, வெயில் நேரத்தில், சபையார் எல்லாரையும் தலைவர் கோபுர வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கழுவின கோபுரம்! பாருங்கோ, ரொறன்ரோவின்ரை நெஞ்சிலை எவ்வளவு பெரிய கறை!"

எல்லாரும் அண்ணாந்தார்கள். துவாரபாலகரின் நெஞ்சு புதுச் சட்டை போட்டதுபோலத் துப்புரவாக இருந்தது. சபையார் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓம் அதிபர், பெரிய கறைதான்," என்றார் தனஞ்சயன்.

"லண்டனிலையும் கிடக்கு," என்றார் தலைவர்.

"லண்டனிலை இன்னும் மோசம்," என்றார் இன்னொருவர்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே," என்றார் குருக்கள்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்கடை மூக்கிலையும் கிடக்கு ஐயர். துடையுங்கோ."

குருக்கள் கையைத் தூக்கித் துடைக்கப் போனார். கை பாதியில் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு நாள் அந்த மனுசன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போயிற்று.

"அதிபர், வலது கண்ணைப் பொத்திப்போட்டுப் பாருங்கோ. ஒருக்கால் பாருங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

"கறை கோபுரத்திலை. நான் ஏன் என்ரை கண்ணைப் பொத்தவேணும்?"

"கறை கோபுரத்திலை இல்லை அதிபர், உங்கடை கண்ணுக்குள்ளை. அண்டைக்கு அதுக்குள்ளை பாத்தியள். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

தலைவரின் முகம் கறுத்தது. "இத்தினை பேருக்குத் தெரியிற கறை உங்களுக்கு மட்டும் தெரியேல்லை. பிழை ஆரின்ரை கண்ணிலை, ஐயர்?"

வாக்கெடுப்பு அந்த இடத்திலேயே நடந்தது. கறை தெரிகிறவர்கள் கை உயர்த்தினார்கள். குருக்களைத் தவிர எல்லாருடைய கையும் உயர்ந்தது. யாப்பு வாசிக்கப்பட்டது. கண்பார்வையில் குறையுள்ளவர் பூசகராக இருக்க முடியாது. ஒரு மாத அவகாசத்தில் வீட்டை விட வேண்டும். இன்னும் வலுவான லேசர் ஒன்று வாங்குவதென்றும் அதே மூச்சில் தீர்மானித்தார்கள்.

சௌந்தரநாயகி டொக்டரிடம் துண்டு வாங்கி வந்தாள். இரண்டு கண்ணும் ஒரு குறையும் இல்லை என்று அதில் இருந்தது. தனஞ்சயன் அதை இரண்டு தரம் வாசித்தார். "டொக்டர் கோபுரத்தைப் பாக்கேல்லைத்தானே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புது ஐயர் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தார். நிசாந்த சர்மா என்று பெயர். மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திர வண்டியில் சாமான் ஏற்றி முடிந்து, பிள்ளைகளும் தாயும் ஏறி இருந்த பிறகு, குருக்கள் வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். சீடி ஒன்றையும் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லி, கடைசியாகக் கேட்டார்.

"நேர்முகத்திலை என்ன கேட்டவை?"

"கோபுரத்திலை கறை தெரியுதோ எண்டு கேட்டவை. தெரியுது எண்டு சொன்னனான்."

"மெய்யாத் தெரியுதோ?"

நிசாந்த சர்மா கோபுரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"இல்லை அண்ணை. ஆனா லேசர் பிடிக்கத் தொடங்கினா, போகப் போகத் தெரியும் எண்டு செயலாளர் சொன்னவர்."